டிரம் பிரேக் அட்ஜஸ்ட் செய்ய நாமே அடிக்கும் நெம்புகோல்

பழைய கார் வைத்திருப்பவர்களின் டூல் பெட்டியில் நுனி முறுக்கிக்கொண்ட நீள ஸ்குரூ டிரைவர் ஒன்று கட்டாயம் கிடக்கும். அது ஏன் அப்படி ஆனது என்று கேட்கவே வேண்டாம். சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம்முக்குள் இருக்கும் ஸ்டார் வீல் என்ற சின்னப் பல் சக்கரத்தைத் திருப்பப் போய் ஆனது. ஸ்குரூ டிரைவர் போனால் போகட்டும். உள்ளே ஸ்டார் வீலின் பற்களும் மழுங்கிப் போயிருக்கும், அதுதான் வயிற்றெரிச்சல். ஸ்டார் வீல்தான் பிரேக்கின் அட்ஜஸ்டர். பல் மழுங்கிய அட்ஜஸ்டரை வெளியிலிருந்து எதைக் கொண்டும் திருப்ப முடியாது. சரி, டிரம்மையே கழற்றலாம் என்றால், உள்ளிருந்து டிரம்மை அழுத்திச் சக்கரத்தை நிறுத்தும் ஷூ உரசி உரசி டிரம்மின் உட்புறம் பள்ளமாகி ஓரத்தில் ஒரு விளிம்பு நின்றிருக்கும். ஷூவைத் தளர்த்தாமல் டிரம் அந்த விளிம்பைத் தாண்டி வராது. ஷூவைத் தளர்த்தவோ அட்ஜஸ்டர் திரும்பவேண்டும்!

இந்த வேலைக்கென்றே இரண்டு முனையும் வளைந்த கம்பி விற்கிறார்கள். வாங்கினால் தப்பில்லை. ஆனால் அது எல்லாக் காருக்கும் பொதுவாக அடித்தது. உங்கள் காரின் துளைக்கும், துளைக்கு எதிரே குறுக்கிடும் ஆக்ஸிலுக்கும் ஷாக் அப்சார்பருக்கும் அளவெடுத்து அடித்தது இல்லை. என்னுடையது ஃபோக்ஸ்வாகன் பீட்டில், நாலு சக்கரமும் டிரம். ஒவ்வொரு சக்கரத்திலும் ஷூவுக்கு ஒன்றாக இரண்டு ஸ்டார் வீல், ஆக எட்டு. எட்டையும் மல்லாந்து படுத்துத் திருப்புகிறவனுக்குக் கைக்கு வசதியான கம்பி எவ்வளவு முக்கியம் என்று சொல்லவேண்டியதில்லை.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். ஷூ மேல் இருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் தேயத் தேய ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி கூடும். பெடலை மிதித்தால் பாதி ஆழம் அந்த இடைவெளியைக் கடக்கவே போய்விடும். ஸ்டார் வீல் என்பது திருகுடன் கூடிய பல் சக்கரம். திருப்பினால் திருகு வெளியே நீண்டு ஷூவை டிரம் பக்கம் தள்ளும். இதற்காகவே டிரம்மின் பின்பக்கத்தை மூடி நிற்கும் பின்தகட்டிலோ, சில கார்களில் டிரம்மின் முகத்திலோ நீள்வட்டமாக ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். பழைய பீட்டில்களில் துளை டிரம்மில் இருக்கும், பின்னால் வந்தவற்றில் பின்தகட்டில். அந்தத் துளை வழியே கம்பியை விட்டு, துளையின் விளிம்பைத் தாங்கலாக வைத்து, ஒரு பல்லை நெம்பவேண்டும். பிறகு அடுத்த பல். அவ்வளவுதான் வேலை.

நேரான ஸ்குரூ டிரைவர் இதில் ஏன் சொதப்புகிறது? துளைக்கு நேர் எதிரே கைப்பிடிக்கு இடம் இருக்காது. அதனால் சாய்த்து விடுவோம். சாய்த்தால் நுனி பல்லின் அடிவரை இறங்காமல் உச்சியை மட்டும் பிடிக்கும். உச்சியைப் பிடித்து நெம்பினால் வழுக்கும், ஒவ்வொரு வழுக்கலுக்கும் பல் கொஞ்சம் உருளும். வளைந்த கம்பியோ, கைப்பிடி ஓரமாக ஒதுங்கியிருக்கும்போதே நுனியைப் பல்லுக்கு நேராகக் கொண்டுபோய் வைக்கும். எந்த இடத்தில் வளைக்கிறோம், எவ்வளவு வளைக்கிறோம் என்பதுதான் இந்தக் கருவியின் மொத்தச் சூட்சுமமும்.

அதனால் இரும்பை எடுக்கும் முன் மாதிரி எடுங்கள். இதை மட்டும் யாரும் செய்வதில்லை. படத்தைப் பார்த்து வளைத்துவிட்டு காரோடு மல்லுக்கட்டுவார்கள்.

மாதிரிக்கு 3 மில்லிமீட்டர் கம்பி போதும். துணி மாட்டும் ஹேங்கர் கம்பி கொஞ்சம் மெல்லியது, ஆனாலும் தேறும். காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்காரவைத்து, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். பின்சக்கர வேலைக்கு ஹேண்ட் பிரேக்கை விடுவித்திருக்க வேண்டும். எனவே கட்டைதான் காரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது நினைவில் இருக்கட்டும். வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் தலையை விடாதீர்கள். துளையின் ரப்பர் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்டார் வீலின் ஓரம் பற்களோடு தெரியும். தெரியாவிட்டால் அழுக்கு அடைத்திருக்கிறது. அதைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், அந்தத் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. சோப்புத் தண்ணீரைத் தெளித்து நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பைக்குள் கட்டிப் போட்டுவிடுங்கள்.

இப்போது கம்பியை உள்ளே விட்டு நுனி பல்லின் அடியைத் தொடும்படி வையுங்கள். துளை விளிம்பில் கம்பி படும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு. கம்பியை வெளியே எடுத்து, அந்தக் கோட்டில் கொஞ்சம் வளைத்து, மறுபடி உள்ளே. வெளியே நிற்கும் பகுதி எதிலும் இடிக்காமல் மேலும் கீழும் ஒரு சாண் ஆடவேண்டும். இடித்தால் இன்னும் வளையுங்கள். நாலு சக்கரத்திலும் போட்டுப் பாருங்கள். என் காரில் முன்சக்கரத்துக்கு 30 டிகிரி வளைவு போதுமாக இருந்தது. பின்னால் ஆக்ஸில் குழாய் குறுக்கே வருவதால் 60 டிகிரி தேவைப்பட்டது. ஒரே கம்பியின் இரண்டு முனையையும் இரண்டு விதமாக வளைத்தேன். உங்கள் காரில் ஒரே வளைவு எல்லா இடத்துக்கும் போதலாம். கம்பியைக் கேளுங்கள், அது சொல்லும்.

கூடவே மூன்று அளவுகள் குறித்துக்கொள்ள வேண்டும்: துளையின் அகலம், விளிம்பிலிருந்து பல்வரை உள்ள ஆழம், இரண்டு பற்களுக்கு நடுவே உள்ள இடுக்கு. முதலாவது கம்பியின் அகலத்தைத் தீர்மானிக்கும், இரண்டாவது வளைவுக்கு அப்பால் நுனி எவ்வளவு நீளம் என்பதை, மூன்றாவது நுனியின் தடிமனை. என் கணக்கில் அகலம் 9, நுனி நீளம் 25, தடிமன் நுனியில் 2, வளைவு வரும் இடத்தில் 4, எல்லாம் மில்லிமீட்டரில். வளைவுக்கு இந்தப் பக்கம் கைப்பிடி 18 சென்டிமீட்டர் வைத்தாலே, 2.5 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும் பல்லுக்கு ஏறக்குறைய ஏழு மடங்கு விசை கிடைக்கும். 5 கிலோ அழுத்தினால் பல்லில் சுமார் 35 கிலோ. அதற்கு மேல் தேவைப்பட்டால் கோளாறு கம்பியில் இல்லை, அட்ஜஸ்டரில். எனவே நீளமாக அடித்துக்கொள்ளும் ஆசை வேண்டாம்.

எந்த இரும்பு? 8 மில்லிமீட்டர் தண்டுள்ள பழைய ஸ்குரூ டிரைவர் எனக்குப் பிடித்தது. நல்ல எஃகு, அளவான தடிமன், எப்படியும் வீணாகக் கிடப்பது. லீஃப் ஸ்பிரிங் பட்டையும் நல்ல எஃகுதான், ஆனால் தடிப்பு அதிகம். சாணை பிடித்தே கை ஓய்ந்துவிடும். ஹேக்ஸா பிளேடு, தேய்ந்த அரம் இரண்டையும் அப்படியே எடுக்காதீர்கள். கடினமாக இருக்கும், ஆனால் வளைந்துகொடுக்காமல் படக்கென்று உடையும். அதுவும் கண்ணுக்கு நேரே. கட்டிடக் கம்பியின் தரம் கம்பிக்குக் கம்பி மாறும், அதை நம்பமுடியாது. கால்வனைஸ் பூசிய எதையும் நெருப்பில் காட்டக்கூடாது. துத்தநாகப் புகை காய்ச்சலில் தள்ளும். ஸ்குரூ டிரைவரில் பளபளவென்று குரோம் பூச்சு இருந்தால், சூடேற்றப்போகும் இடம் முழுவதையும் முன்கூட்டியே சாணையில் பிடித்து உரித்துவிடுங்கள்.

பிளாஸ்டிக் கைப்பிடியை வெட்டிக் கழற்றுங்கள். சூட்டில் அது உருகி நாறும். தண்டு 24 சென்டிமீட்டர் இருந்தால் இரண்டு முனைக்கும் போதும்.

இரண்டு செங்கற்களை மூலையாகச் சேர்த்து வைத்து, அந்த மூலைக்குள் காஸ் டார்ச்சின் சுடரைக் காட்டினால் வெப்பம் சிதறாமல் தண்டில் இறங்கும். செங்கல் காய்ந்ததாக இருக்கட்டும். சிமெண்டுத் தரை மேல் நேராகச் சுடர் படவே கூடாது. உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகித் தரை வெடித்துச் சில்லு தெறிக்கும். கண்ணாடி போடுங்கள், அடுத்த முனையை வைஸ் கிரிப் பிளையரால் பிடியுங்கள். பிரேக் கிளீனர் பட்ட எதையும் நெருப்பருகில் கொண்டுவராதீர்கள். அதில் சிலவற்றில் குளோரின் சேர்மம் இருக்கும், சூடானால் வரும் புகை உயிருக்கே ஆபத்து.

நுனியில் மூன்று சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக, ஆரஞ்சு கலந்த சிவப்பாகப் பழுக்கட்டும். அடைகல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டையாக்குங்கள். அடைகல் இல்லையென்றால் தண்டவாளத் துண்டு, அதுவும் இல்லையென்றால் வைஸின் முதுகு. ஓங்கி நாலு அடி அடிப்பதைவிட அளவாகப் பத்து அடி மேல். சிவப்பு மங்கியதும் நிறுத்திவிட்டு மறுபடி சூடேற்றுங்கள். சிவப்பு போய் நீலம் தட்டும் சூட்டில் எஃகு முரண்டு பிடிக்கும், அப்போது அடித்தால் விரிசல் விழும். வெளியே தெரியாத விரிசல். எட்டு மில்லிமீட்டர் உருளையை நாலு மில்லிமீட்டருக்குத் தட்டினால் அகலம் பன்னிரண்டு வரை விரியும். அதை ஒன்பதுக்குக் குறைப்பது பிற்பாடு அரத்தின் வேலை.

வளைக்கும்போது மாதிரிக் கம்பியைப் பக்கத்திலேயே வையுங்கள். தட்டிய இடத்தைச் சிவக்கவைத்து, நுனி 25 மில்லிமீட்டர் தாடைக்குள் இருக்கும்படி வைஸில் கவ்வி, தண்டை மெல்லத் தள்ளுங்கள். வைஸின் தாடை சூட்டை உறிஞ்சிவிடும், நின்று யோசிக்க நேரம் கிடையாது. வளைவு முழங்கை மாதிரி உருண்டு இருக்கவேண்டும், கூர்மையாக மடியக்கூடாது. மடிந்த இடத்தில்தான் ஒரு நாள் முறியும். வளைத்ததும் மாதிரியோடு ஒட்டவைத்துப் பார்த்து, கோணம் போதாவிட்டால் சூடேற்றி இன்னொரு தடவை. குளிர்ந்த பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று விடாதீர்கள்.

வளைத்து முடித்ததும் தண்ணீரில் முக்கத்தான் கை பரபரக்கும். முக்காதீர்கள். உலர்ந்த சாம்பலிலோ மணலிலோ புதைத்து ஆறவிடுங்கள்.

இதைப் பார்த்துக்கொண்டு நின்ற என் தம்பி மகன் கேட்டான்: “பெரியப்பா, தோய்ச்சல் போட்டா இன்னும் ஸ்ட்ராங்கா இருக்குமே, ஏன் விடுறீங்க?”

“இருக்கும்டா. அதான் பிரச்சினை.”

பிரச்சினை இதுதான். ஸ்டார் வீலும் இரும்பு, கம்பியும் இரும்பு. ஒன்று கடினமாக இருந்தால் மற்றொன்று தேயும். பழைய காரின் அட்ஜஸ்டர் துரு பிடித்து இறுகியிருக்கும்போது நாம் அறியாமல் பலமாக நெம்புவோம். கம்பி கடினமாக இருந்தால் பல் போகும். கம்பி மிருதுவாக இருந்தால் நுனி வளையும், ‘இதற்கு மேல் நெம்பாதே’ என்று கைக்குச் சொல்லிவிடும். வளைந்த நுனியைச் சூடேற்றி நிமிர்த்த பத்து நிமிடம். மழுங்கிய ஸ்டார் வீலுக்கோ டிரம்மையே கழற்றவேண்டும். பீட்டிலின் பின் டிரம்மைக் கழற்ற, சுமார் 300 நியூட்டன் மீட்டர் இறுக்கத்தில் இருக்கும் ஆக்ஸில் நட்டைத் தளர்த்தவேண்டும். அந்த நட்டோடு ஒருமுறை போராடியவர்கள் என் கட்சிக்கு வந்துவிடுவார்கள்.

மிருதுவாக இருக்கிறதா என்று பார்க்க அரம் போதும். நுனியில் அரத்தை இழுத்தால் கடித்துத் தூள் விழவேண்டும். கண்ணாடியில் இழுத்தது போல வழுக்கினால் இன்னும் கடினமாக இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி சிவக்கவைத்து இன்னும் மெதுவாக ஆறவிடுங்கள்.

ஒரே கம்பியை நாலைந்து காருக்குப் பயன்படுத்துகிறவர்கள் நுனிக்குக் கொஞ்சம் பதம் ஏற்றத்தான் வேண்டியிருக்கும். காந்தம் ஒட்டாத அளவு, அதாவது 770 டிகிரி செல்சியஸைக் கொஞ்சம் தாண்டும் வரை சூடேற்றி, எண்ணெயில் முக்குங்கள். உடனே நுனியை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, வளைவுக்குப் பின்னால் மெல்லச் சூடு காட்டுங்கள். வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறம் நுனியை நோக்கி நகரும். நுனி நீலம் பூக்கும்போது, அதாவது ஏறக்குறைய 300 டிகிரியில், நிறுத்திவிடுங்கள். அதற்கு முன்னால் நிறுத்தினால் நுனி கடினமாகவே நின்றுவிடும், சொன்ன ஆபத்து திரும்ப வரும். நான் இதைச் செய்வதில்லை.

மீதி அரத்தின் வேலை. அகலத்தைத் துளைக்குக் கொஞ்சம் தளர்வாகக் குறையுங்கள். நுனியின் இரண்டு மூலையையும் உருட்டிவிடுங்கள். கூராக விட்டால் உள்ளே ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியையோ பிரேக் ஸ்பிரிங்கையோ கீறும். துளை விளிம்பில் உட்காரும் வளைவின் அடிப்பக்கத்தை உப்புத்தாளால் வழவழப்பாக்குங்கள். இந்த ஒரு இடத்துக்கு நேரம் செலவழிக்கலாம். பின்தகடு மெல்லிய தகரம்தான். சொரசொரப்பான இரும்பு அதன் மேல் ஏறி இறங்கினால் துளையே அகண்டுபோகும். நடுத்தண்டில் பழைய சைக்கிள் டியூபை இழுத்து மாட்டினால் கைக்குப் பிடி, எண்ணெய்க் கையிலும் வழுக்காது.

இனி காரில். முதலில் பெடலை நாலைந்து முறை அழுத்தமாக மிதியுங்கள், ஷூக்கள் நடுவுக்கு வந்து உட்காரும். கம்பியை விட்டு, நுனி பல்லின் அடியில் இறங்கியதை உறுதி செய்துகொண்டு, கைப்பிடியை ஒரு பல் அளவுக்கு மட்டும் நகர்த்துங்கள். டக்கென்று ஒரு சத்தமும் விரலில் ஒரு சின்ன உதறலும் வரும். நுனியை எடுத்து அடுத்த பல்லில் வையுங்கள். எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்பது காருக்குக் கார் மாறும். பீட்டிலில் ஒரே சக்கரத்தின் இரண்டு ஸ்டார் வீலும் எதிரெதிர்த் திசையில் இறுகும். ஐந்தாறு பல் திருப்பிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் உரசல் கூடியதா குறைந்ததா என்று தெரிந்துவிடும். தெரிந்ததும் ஃபெண்டரின் உட்புறம் பெயிண்டால் ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள். அடுத்த தடவைக்குள் மறந்துதான் போகும்.

சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றிக்கொண்டே, லேசாக உரசத் தொடங்கும் வரை இறுக்கிவிட்டு, அங்கிருந்து பின்வாங்குங்கள். பீட்டிலுக்கு மூன்று அல்லது நாலு பல் பின்வாங்கச் சொல்கிறார்கள். மற்ற கார்களுக்கு அந்தந்த மேனுவலில் இருக்கும் கணக்கு. ஒரு சக்கரத்தில் இரண்டு அட்ஜஸ்டர் இருந்தால் ஒன்றை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாம் முடிந்ததும் பெடலை மறுபடி மிதித்து, சக்கரத்தைச் சுற்றி, மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள். மிதித்ததில் ஷூ நகர்ந்திருந்தால் உரசல் மாறியிருக்கும். ஹேண்ட் பிரேக் கேபிளை இதற்குப் பிறகுதான் தொடவேண்டும். முன்கூட்டியே கேபிளை இறுக்கிவைத்தால் ஷூ ஓய்வு நிலைக்கே திரும்பாது, நீங்கள் செய்த கணக்கு எல்லாம் தப்பு.

ஸ்டார் வீல் அசையவே இல்லையா? கம்பியின் நுனி வளைய ஆரம்பிக்கிறதா? நிறுத்துங்கள். துருவிளக்கும் எண்ணெயை நீளக் குழாய் வைத்துத் திருகு மரையில் மட்டும் ஒரு சொட்டு விட்டு, ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். லைனிங்கில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படிந்துவிட்டால் அந்த ஷூவை மாற்றுவதுதான் வழி. மறுநாள் முன்னும் பின்னும் அரைப் பல் அளவுக்கு அசைத்து அசைத்துத்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும்.

ரப்பர் மூடிகளை மறக்காமல் மாட்டுங்கள். தண்ணீரும் சேறும் உள்ளே போகிற வழி அதுதான். பிறகு கூட்டமில்லாத சாலையில் மெதுவாக ஓட்டி, நாலைந்து முறை நிறுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கவனியுங்கள். நிறுத்தியதும் ஒவ்வொரு டிரம்மின் மேலும் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். மற்றவற்றில் மெல்லக் காய்ந்து, ஒன்றில் மட்டும் சுர்ரென்று கொதித்தால் அந்தச் சக்கரம் இறுகிக்கிடக்கிறது. ஒரு பல் பின்வாங்குங்கள்.

மற்ற கார்களுக்கு இரண்டு வார்த்தை. 1960-களிலிருந்து அமெரிக்கக் கார்களில் பரவலான தானாகச் சரிசெய்துகொள்ளும் பிரேக்கில், ஸ்டார் வீல் மேல் ஒரு சின்ன நெம்புத் தகடு படிந்திருக்கும். இறுக்கும் பக்கம் திருப்பவிடும், தளர்த்தும் பக்கம் விடாது. தளர்த்த அந்தத் தகட்டைக் கொஞ்சம் விலக்கிப் பிடிக்கவேண்டும். துளை பின்தகட்டில் இருந்தால் மெல்லிய ஸ்குரூ டிரைவரால் உள்ளே தள்ளுங்கள். துளை டிரம்மில் இருந்தால் கொக்கியால் வெளியே இழுக்கவேண்டும். அந்தக் கொக்கிக்கு 2 மில்லிமீட்டர் சைக்கிள் ஸ்போக் போதும். தலையை வெட்டிவிட்டு நுனியில் 5 மில்லிமீட்டர் மடித்துக்கொள்ளுங்கள். விலக்காமல் பலவந்தமாகத் திருப்பினால் தகடு வளையும், பிறகு தானாகச் சரிசெய்வது நின்றுவிடும். இந்த வகை அட்ஜஸ்டர்கள் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் எதிரெதிர் மரை, கழற்றினால் கலந்துவிடாதீர்கள். சில கார்களில் துளையே திறந்திருக்காது, வெட்டுக்கோடு மட்டும் இருக்கும். அந்தத் துண்டைத் தட்டி உள்ளே தள்ளினால், டிரம்மைக் கழற்றி அதை வெளியே எடுத்தே ஆகவேண்டும்.

பழைய மினி போன்ற பிரிட்டிஷ் கார்களில் ஸ்டார் வீலே கிடையாது. பின்சக்கரத்தின் பின்தகட்டில் கால் அங்குலச் சதுரத் தலை நீட்டிக்கொண்டிருக்கும், அதைத் திருப்பினால் உள்ளே ஆப்பு நகர்ந்து ஷூவை விரிக்கும். இதற்கு நெம்புகோல் பயன்படாது. திறந்த வாய் ஸ்பேனரால் பிடித்தால் சதுரம் உருண்டுவிடும். கால் அங்குல டிரைவ் சாக்கெட் ஒன்றின் பின்பக்கச் சதுரத் துளை அந்தத் தலையில் தளர்வில்லாமல் உட்காருகிறதா என்று பாருங்கள். உட்கார்ந்தால் சாக்கெட்டைக் குறுக்கே ஒரு தட்டைப் பட்டையில் வெல்டு வைத்துக்கொள்ளலாம். திருப்பும் முன் கம்பித் தூரிகையால் அந்தத் தலையையும் வெளியே தெரியும் மரையையும் தேய்த்துச் சுத்தம் செய்து, திருப்பி முடித்த பிறகு மரையில் கொஞ்சம் காப்பர் கிரீஸ் தடவிவிடுங்கள்.